துவளும் தடியும் தறிக்காரர் தோளும்

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் விடியற்காலையில் சற்று நேரம் நின்று பார்ப்பவர்க்கு, இவ்வட்டாரத்தின் உழைப்பு எத்தனை வகைப்பட்டது என்பது நன்கு விளங்கும். ரோஜாக் கட்டுகளை ஏற்றிய வண்டிகள், ராயக்கோட்டைத் தக்காளிக் கூடைகள், ஆலைத் தொழிலாளரை அழைத்துச் செல்லும் பேருந்துகள் என ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றுகொண்டே இருக்கும். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, லாரியும் இருசக்கர வாகனமும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் இங்கு வந்த பிறகு, ஒரே குடும்பத்தில் தகப்பனார் தறியிலும், மகன் ஆலையிலும், வீட்டுப் பெண்கள் பட்டுப்புழு வளர்ப்பு மனையிலுமாக உழைப்பது இவ்வட்டாரத்தில் புதுமையன்று. வேலைகள் வெவ்வேறாயினும் அவையனைத்தும் மனிதரின் கையை நம்பியே நிற்கின்றன.

அந்தக் கையைப் பற்றி அங்கத்தினரிடையே இப்பொழுது ஒரு கேள்வி எழுந்துள்ளது. ஆலையிலோ உடற்பயிற்சி நிலையத்திலோ பார்த்துவிட்டு, வளைந்து துவளும் ஒருவகைத் தடியைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். தகப்பனார் அதை வாங்கிச் சில நிமிடங்கள் ஆட்டிப் பார்க்கிறார். தோள் லேசாகிறது, கை சுறுசுறுப்படைகிறது, அன்று காலை தறியில் அமர்ந்ததும் நாடா துள்ளி ஓடுகிறது. உடனே அவருக்கு ஓர் எண்ணம் தோன்றுகிறது: "இதைச் சங்கத்தின் நிதியிலிருந்து எல்லா அங்கத்தினருக்கும் வாங்கிக் கொடுத்தால் என்ன?" நல்லெண்ணத்தில் பிறந்த யோசனைதான். ஆனால் சங்கத்தின் பணம் அங்கத்தினர் ஒவ்வொருவரின் பணமுமாகையால், அத்தடி என்ன செய்யும், என்ன செய்யாது, அது செய்வது எத்தனை நாழிகைக்கு அல்லது எத்தனை வாரத்துக்கு நிற்கும் என்பதை அறிந்த பிறகே தீர்மானம் நிறைவேற்றுதல் முறையாகும்.

முதலில், துவளும் தடி என்ற பெயரில் இரு வேறு சாதனங்கள் வழங்குவதை அங்கத்தினர் கவனிக்க வேண்டும். ஒன்று நீளமானது, ஏறத்தாழ ஓராள் கைகளை விரித்த அகலத்துக்குச் சற்றுக் குறைவாயிருக்கும். கண்ணாடியிழையால் ஆகி, நடுவில் கைப்பிடி கொண்டது. நடுவில் பிடித்து முன்னும் பின்னும் சிறிதளவே அசைத்தால், இரு முனைகளும் வில்லைப் போல வளைந்து நிமிர்ந்து அதிரும். 1991-இல் புரூஸ் ஹைமன்சன் என்னும் அமெரிக்க இயன்முறை மருத்துவர் 'பாடிபிளேடு' என்ற பெயரில் இதனை ஒத்த ஒரு தட்டைத் தகட்டை உருவாக்கினார். 'ஃபிளெக்ஸி-பார்' என்று வழங்குவதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. மற்றொன்று குட்டையானது, ஏறக்குறைய ஓரடி நீளமுள்ள ரப்பர் உருளை. அதை ஆட்டுவதில்லை, ஈரத் துணியைப் பிழிவது போல இரு கைகளாலும் பிடித்து முறுக்குவார்கள். 'ஃபிளெக்ஸ்பார்' என்ற பெயரில் விற்கப்படும் இத்தடியில், முறுக்குவதற்குத் தேவையான வலுவுக்கு ஏற்ப நிறம் வேறுபடும். நீளத் தடியை ஆட்டுதடி என்றும், குட்டைத் தடியை முறுக்குத்தடி என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுவோம். ஒன்றன் பயனை மற்றொன்றுக்கு ஏற்றிச் சொல்வதால் விளையும் குழப்பம் கொஞ்சநஞ்சமன்று.

வளையும் கோலைக் கொண்டு உடலைப் பழக்குவது தமிழருக்குக் கடல் கடந்து வந்த கல்வி அல்ல. சிலம்பக் கம்பு ஏறத்தாழ நெற்றி உயரத்துக்கு வெட்டிய மூங்கில். நல்ல ஆசான் அதைத் தேர்ந்தெடுக்கும்பொழுது இரு முனையையும் பிடித்து வளைத்துப் பார்த்து, அதன் துவட்சியை அறிந்த பிறகே மாணாக்கன் கையில் கொடுப்பார். கர்லாக்கட்டையோ துவளாது, அதன் கனமே தோளைப் பழக்கும். இந்நாட்டுக் கர்லாக்கட்டைப் பயிற்சியைக் கண்டு வியந்த ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டில் அதைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் விளையாட்டுகளில் அது ஒரு போட்டியாகவே நடைபெற்றது. நம் வீட்டுத் திண்ணையில் சாய்ந்து கிடந்த பொருள் கப்பலேறிப் பதக்கம் பெற்றுத் திரும்பிய பிறகும், நாம் அதைத் திண்ணையிலேயே விட்டுவிட்டோம் என்பது வேறு கதை.

ஆட்டுதடி வேலை செய்யும் விதத்தைத் தொட்டிலைக் கொண்டு எளிதில் விளக்கலாம். ஒவ்வொரு தொட்டிலுக்கும் அதற்கே உரிய ஓர் ஆட்டகதி உண்டு. தாய் அந்தக் கதிக்கு இசைந்து தொட்டால், ஒரு விரலின் பலத்தாலேயே அது வீசி ஆடும். கதி தவறித் தொட்டால் தொட்டில் நின்று குழந்தை விழித்துக்கொள்ளும். தடிக்கும் அவ்வாறே ஓர் இயல்பான கதி உண்டு. வினாடிக்கு ஏறத்தாழ நான்கைந்து முறை. கை அந்தக் கதியைக் கண்டுபிடித்து, ஒவ்வோர் ஆட்டத்திலும் சிறிது தள்ளி, உடனே தடுத்து, மறுபடி தள்ள வேண்டும். ஆகவே முன்புறத் தசையும் பின்புறத் தசையும் மாறி மாறி, சில கணங்களில் ஒருங்கேயும், விழித்திருக்க நேரிடுகிறது. முனைகள் அதிகம் வளைய வளையக் கைக்கு வேலையும் அதிகமாகும். இதில் பளுவைத் தூக்குவதைவிட நிலையைக் காப்பதே பெரிய வேலை. தோள்பட்டையையும் முதுகையும் ஒரே இடத்தில் நிறுத்திக்கொள்ளாதவர் கையில் தடி ஆடாது. 2007-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கல்லூரி விளையாட்டு வீரர்களின் தசைகளில் எழும் மின்குறிகளை அளந்தபொழுது, மணிக்கட்டில் கட்டும் எடையையும் ரப்பர் பட்டையையும் விட இந்த ஆட்டுதகடு தோள்பட்டையை நிலைநிறுத்தும் தசைகளை மிகுதியாக வேலை வாங்குவது தெரிய வந்தது.

ஆயினும், ஒரு தசை மிகுதியாக வேலை செய்தது என்பது ஒரு செய்தி; அதனால் அந்தக் கை நாளை மிகுதியாக நெய்யும் என்பது முற்றிலும் வேறு செய்தி. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை விற்பது வியாபாரத்தில் நெடுநாளைய வழக்கம்.

ஓரிரு நிமிடப் பயிற்சி முடிந்தவுடன் கையில் காணப்படும் மாறுதல் பொய்யன்று. இரத்த ஓட்டம் கூடுகிறது, தசை வெதுவெதுப்படைகிறது, கை எந்த இடத்தில் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்கு அறிவிக்கும் நரம்புகள் விழிப்படைகின்றன. விடியற்காலைக் குளிரில் முதல் முழம் நெய்வதற்கும், உடல் சூடேறிய பின் பத்தாம் முழம் நெய்வதற்கும் உள்ள வேற்றுமையை அறிந்தவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மார்கழிக் குளிரில் இந்த வெதுவெதுப்பு ஒரு வரமே. ஆனால் கைகளை வீசி நடந்தாலும், தண்ணீர் சேந்தினாலும் ஓரளவு இதே வெதுவெதுப்பு வரும். தடிக்கென்று தனியாக எவ்வளவு பங்கு என்பதை அறிய வேண்டுமானால், தடி பிடித்தவரையும் பிடிக்காதவரையும் ஒப்பிட்டுப் பார்த்தல் அவசியம்.

இங்கேதான் கையின் திறனை அளக்கும் முறையைப் பற்றிச் சிறிது நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. மருத்துவர்கள் இதற்குப் பல கருவிகளை உபயோகிக்கிறார்கள். பிடியின் வலிமையை ஒரு கைப்பிடி மானியை இறுக்கச் செய்து அளப்பார்கள். விரல்களின் நயத்தை, துளைகளிட்ட பலகை ஒன்றில் குறித்த நேரத்துக்குள் எத்தனை ஊசிகளைச் செருக முடிகிறது என்று பார்த்து அறிவார்கள். 1948-இல் ஜோசப் டிஃபின் என்னும் உளவியலறிஞர் ஆலைக்கு ஆளெடுப்பதற்காக வகுத்த முறை அது. தோளின் வீச்சை, உட்கார்ந்தபடி கனமான பந்தை எறியச் செய்து அளப்பதும் உண்டு. எந்தக் கருவியாயினும் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஊசிப் பலகையை முதல் முறை செய்பவர் தடுமாறுவார். இரண்டாம் முறை செய்யும்பொழுது, நடுவில் அவர் தடி ஆட்டினாலும் சரி, வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா இருந்தாலும் சரி, கூடுதலாகச் செருகுவார். பழக்கம் தரும் அந்த முன்னேற்றத்தைத் தடியின் கணக்கில் எழுதிவிடலாகாது. ஆகையால், "பயிற்சிக்கு முன் இத்தனை, பின் இத்தனை" என்று மட்டும் சொல்லி, பயிற்சி செய்யாதவரின் கணக்கைக் காட்டாத விளம்பரத்தை அங்கத்தினர்கள் ஒருபக்கக் கணக்கேடாகவே கருத வேண்டும். வரவை மட்டும் எழுதிய ஏட்டை நம் சங்கத் தணிக்கையாளர் ஒப்புக்கொள்வாரா?

சில நாட்கள் தொடர்ந்து செய்தால் வலிமை கூடுகிறதே எனில், அதுவும் உண்மையே. ஆனால் முதற்சில வாரங்களில் கூடும் வலிமை பெரும்பாலும் தசை பருத்ததால் வருவதன்று. 1979-இல் மொரிடானி, டெவ்ரீஸ் என்னும் இருவர் ஆராய்ந்து காட்டியபடி, தொடக்கத்தில் முன்னேறுவது நரம்புகளின் ஆணையே. இருக்கின்ற தசைநார்களையே நரம்பு மண்டலம் இன்னும் ஒழுங்காக வேலை வாங்கக் கற்றுக்கொள்கிறது. தசை தானே பருத்து வலுப்பெறுவது சில வாரங்கள் கழித்துத்தான். ஆதலால் பத்து நாட்களில் கண்ட பலன் பயிற்சியை நிறுத்தினாலும் நிலைத்திருக்கும் என்று எண்ணுவது, புதிதாக நட்ட முசுக்கொட்டைக் குச்சியில் தளிரைக் கண்டவுடன் இலைக்கணக்குப் போடுவதை ஒக்கும்.

இனி, குட்டையான முறுக்குத்தடியைப் பற்றிச் சொல்வோம். நெசவாளருக்கும் மலர் பயிரிடுவோருக்கும் உண்மையில் அதிகம் உதவக்கூடியது இதுவே என்பது என் கருத்து. காரணம் கையின் அமைப்பில் இருக்கிறது. வாசகர் தம் வலக்கை மணிக்கட்டை உட்புறமாக நன்கு மடக்கிக்கொண்டு, விரல்களை இறுக மூடிப் பார்க்கட்டும். பிடி வலுவற்றுப் போவது உடனே தெரியும். மணிக்கட்டைச் சற்றுப் பின்னோக்கி நிமிர்த்திப் பிடித்தால்தான் பிடியில் பலம் நிற்கும். அவ்வாறு நிமிர்த்தி நிறுத்துவன முன்கையின் புறத்தே ஓடும் தசைகள்; அவற்றின் தசைநாண்கள் முழங்கையின் வெளிப்புறத்து எலும்புப் புடைப்பில் வந்து பிணைகின்றன. எனவே, நாடாவை ஓட்டும் கயிற்றுப்பிடியை நாள் முழுவதும் இழுப்பவர், கவாத்துக் கத்தரியால் ரோஜாத் தண்டுகளை ஓயாது நறுக்குபவர், ஆலையில் திருகாணிகளை முடுக்குபவர் ஆகிய மூவரும் தாம் விரல்களால் மட்டுமே வேலை செய்வதாக நினைத்தாலும், ஒவ்வொரு பிடியிலும் அந்த ஒரு சிறு புடைப்பை இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அவ்விடத்தில் வரும் வலிக்கு மேலைநாட்டார் 'டென்னிஸ் முழங்கை' என்று பெயரிட்டனர். டென்னிஸ் மட்டையைத் தொட்டறியாதவர்க்கே அது பெரும்பான்மையும் வருகிறது. வயது வந்தோரில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை, அதிலும் நாற்பது ஐம்பது வயதை ஒட்டியவர்கள், இதனால் துன்புறுவதாக மதிப்பிடுகிறார்கள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கவும், சட்டைத் துணியைப் பிழியவும் இயலாமல் போகும் அந்த வலியைக் கண்டவர்க்கு, பெயர் எதுவாயினும் ஒன்றுதான்.

நியூயார்க் நகரில் லெனாக்ஸ் ஹில் மருத்துவமனையைச் சார்ந்த விளையாட்டு மருத்துவ நிலையத்தில், திமதி டைலர் என்பவரும் அவருடைய குழுவினரும் இந்த வலிக்கு முறுக்குத்தடியைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தி 2010-இல் வெளியிட்டனர். நெடுநாள் வலியுடைய 21 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இரு குழுவினருக்கும் வழக்கமான இயன்முறை வைத்தியம் அளிக்கப்பட்டது. ஒரு குழுவினருக்கு மட்டும் கூடுதலாக முறுக்குத்தடிப் பயிற்சி. ஏறத்தாழ ஏழு வாரங்களில், தடி பிடித்த குழுவினரின் வலி 81 விழுக்காடு குறைந்தது. மற்றக் குழுவினருக்கு 22 விழுக்காடே குறைந்தது. வலிமையில் கண்ட முன்னேற்றம் முறையே 79, 15 விழுக்காடு. வேறுபாடு மிகத் தெளிவாக இருந்தமையால் பரிசோதனையை இடையிலேயே முடித்துக்கொண்டார்கள். 21 பேர் என்பது சிறு எண்ணிக்கை என்பதையும், ஏழு வாரம் என்பது குறுகிய காலம் என்பதையும் மறவாமல் இக்கணக்கைப் படிக்க வேண்டும். எனினும் ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழுவை வைத்துச் செய்த பரிசோதனையாகையால், வெறும் விளம்பரத்தினும் இதற்கு மதிப்பு அதிகம்.

பயிற்சியின் உட்பொருள் முறுக்குவதில் இல்லை. முறுக்கை அவிழ்ப்பதில் இருக்கிறது. நோகும் கையின் மணிக்கட்டைப் பின்னோக்கி நிமிர்த்தித் தடியின் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும். நல்ல கையால் மறு முனையைப் பிடித்துத் தடியை முறுக்க வேண்டும். இரு கைகளையும் முன்னே நேராக நீட்டிய பிறகு, நோகும் கையின் மணிக்கட்டு மெல்ல மெல்ல முன்னே சாயுமாறு விட்டுத் தடி தானே அவிழ இடங்கொடுக்க வேண்டும். நான்கு எண்ணும் நேரம் இதற்கு ஆகலாம். அப்பொழுது அந்தப் புறத்தசை சுமையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. கிணற்றுக் கயிற்றை விட்டுவிடாமல், கைக்குள் நழுவ நழுவ வாளியை இறக்குவது போன்ற வேலை அது. இவ்வாறு சுமையோடு நீளும் வேலை தசைநாணைச் செப்பனிடத் தூண்டுகிறது என்பது மருத்துவர் கொண்டுள்ள கருத்து. நாளொன்றுக்குப் பதினைந்து பதினைந்தாக மூன்று அடுக்குகள், இடையில் அரை நிமிட ஓய்வு என்பது டைலர் குழுவினர் கையாண்ட அளவு. முதலிரண்டு மூன்று நாட்கள் தசையில் ஒருவிதக் குடைச்சல் எழலாம். பழகாத தசை சுமையோடு நீண்டதன் விளைவு அது.

இதில் அங்கத்தினருக்கு மகிழ்ச்சி தரக்கூடிய செய்தி ஒன்றுண்டு. இந்தச் சுமையோடு நீளும் பயிற்சியை முன்பெல்லாம் பெரும் விலையுள்ள இயந்திரத்தில் அமர்த்தியே செய்வித்தனர். எளியவரும் வீட்டிலேயே செய்துகொள்ள ஏதேனும் வழி உண்டா என்று தேடியதன் பலனாகவே ரப்பர்த் தடி இப்பணிக்கு வந்தது. அந்த எண்ணத்தை இன்னும் ஒரு படி கீழே கொண்டுவந்தால், தடிகூட இன்றியமையாததன்று. முன்கையை மேசை மீது வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்க, அரைப்படித் தண்ணீர் கொண்ட ஒரு போத்தலை நோகும் கையில் பிடித்து, மறு கையால் அதை உயர்த்தி விட்டு, நோகும் கையால் மட்டும் மெதுவாக இறக்கினாலும் அதே தசை அதே வேலையைச் செய்கிறது. தடியில் பிடி நன்றாக அமைகிறது, எங்கும் எடுத்துச் செல்லலாம் என்பவை அதன் வசதிகள். வீட்டில் கிடக்கும் மூங்கில் பிளாச்சை வளைத்து ஆட்டுதடியாக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும், அது வேண்டாம். சிம்பு தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து.

குறுகிய காலப் பலனைக் கண்டு மயங்கியதால் விளைந்த ஒரு பாடத்தை இவ்விடத்தில் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை. முழங்கை வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கம் உலகெங்கும் உண்டு. நம் ஊர்களிலும் உண்டு. ஊசி போட்ட சில நாட்களில் வலி பெரிதும் அடங்கி, நெசவாளர் தறிக்குத் திரும்பிவிடுவார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 198 பேரை வைத்து நடத்தி 2006-இல் வெளியான பரிசோதனையில், ஆறாம் வாரத்தில் ஊசி போட்டவர்களே மற்றெல்லாரையும் விட நலமாக இருந்தார்கள். ஆனால் பின்னர் அவர்களில் பெரும்பாலோருக்கு வலி திரும்பிவிட்டது. ஓராண்டு முடிவில் பார்த்தபொழுது, இயன்முறைப் பயிற்சி பெற்றவர்களும், ஒன்றும் செய்யாமல் வேலையைத் திருத்திக்கொண்டு காத்திருந்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருக்க, ஊசி போட்டவர்கள் பின்தங்கியிருந்தார்கள். ஆறு வாரக் கணக்கை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால், தோற்ற முறைக்கே பரிசு கொடுத்திருப்போம். வலி அடங்கிய கையைக் கொண்டு இருமடங்கு நெய்ததும் அந்தப் பின்னடைவுக்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. நெய்த முழத்துக்குக் கூலி பெறும் நம் நெசவாளர் அப்படித்தானே செய்வார்?

ஆட்டுதடிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். கை லேசானது என்பதற்காக, நாலு மணிக்கு நிறுத்த வேண்டிய தறியை ஏழு மணி வரை ஓட்டினால், காலையில் பெற்ற நன்மை மாலையில் வட்டியோடு பறிபோகும்.

அதிர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கருங்கல் குவாரிகளில் துளைக்கருவி பிடித்து வேலை செய்பவர் பலர் நம் அங்கத்தினர் குடும்பங்களிலும் உண்டு. "தடி அதிர்ந்தால் நல்லது என்கிறீர்கள், துளைக்கருவி அதிர்ந்தால் கெடுதல் என்கிறார்கள், எது மெய்?" என்று அவர்கள் கேட்பது நியாயமே. இரண்டும் மெய். தடியின் அதிர்வு வினாடிக்கு நாலைந்து. அதை எழுப்புவது நம் கையே. கை ஓய்ந்தால் அதுவும் ஓயும். ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். துளைக்கருவியின் அதிர்வோ வினாடிக்குப் பல பத்துகளாக, மணிக்கணக்கில், கை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் உட்புகுவது. அது விரல்களின் இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுத்து, குளிர்காலத்தில் விரல்கள் வெளிறி மரத்துப் போகச் செய்யும் என்பதை, 1918-லேயே அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் வெட்டுவோரிடையே ஆலிஸ் ஹாமில்டன் என்னும் பெண் மருத்துவர் கண்டு எழுதினார். குவாரி வேலையால் மரத்த விரலுக்கு ஆட்டுதடி மருந்தன்று.

அவ்வாறே, பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றில் இரவில் மரப்பும் ஊசிக் குத்தலும் தோன்றுபவர்கள், கழுத்திலிருந்து கைக்கு வலி இறங்குபவர்கள், மூட்டு வீங்கியவர்கள், அண்மையில் எலும்பு முறிந்தவர்கள் எந்தத் தடியையும் தொடுமுன் மருத்துவரைக் கண்டேயாக வேண்டும். அவை நரம்பு அழுத்தத்தாலோ வேறு நோயாலோ வருவனவாயிருக்கலாம். பயிற்சியின்போது மூச்சை அடக்கிக்கொள்வதும் தவறு. இரத்த அழுத்தமுள்ளவர்கள் இதில் முக்கியமாகக் கவனம் செலுத்த வேண்டும்.

மருத்துவரைக் காண்பது முன்போல் இங்கு அரிதன்று. ஆலைத் தொழிலாளருக்கு ஓசூரில் தொழிலாளர் ஈட்டுறுதி மருத்துவமனை இருக்கிறது. வீட்டில் தறி போட்டிருப்பவரும் சொந்த நிலத்தில் பூப் பறிப்பவரும் அத்தகைய காப்புக்குள் வராதவர்கள். அவர்களுக்குக் கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இன்னும் அருகில் வருவது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் அத்திட்டம் தமிழகம் முழுமைக்குமாகத் தொடங்கப்பட்ட இடம் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமமே என்பதை அங்கத்தினர் பலர் நினைவுகூர்வர். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது என்ற அளவில் அதை அறிந்தவர் பலர். வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சையும் அதன் பணிகளில் ஒன்று என்பதை அறிந்தவர் சிலரே. தடியை வாங்குமுன் தம் வலி எந்த இனத்தைச் சேர்ந்தது என்று ஓர் இயன்முறை மருத்துவரைக் கேட்பதற்கு, அதிகச் செலவொன்றும் ஆகாது.

இனிச் சங்கத்தின் பணத்துக்கு வருவோம். 2019-20-ஆம் ஆண்டின் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர் கைத்தறியையும் அதைச் சார்ந்த பணிகளையும் நம்பியிருக்கின்றனர். அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்கள். பகல் முழுதும் தறியிலும் ராட்டையிலும் இருந்துவிட்டு, காலையும் மாலையும் குடமும் அம்மியும் ஆகிய வீட்டு வேலையையும் அதே கைகளால் செய்பவர்கள் அவர்கள். "நாள்தோறும் பத்து நிமிடம் பயிற்சி செய்யுங்கள்" என்று அவர்களுக்கு அறிவுரை கூறுவது எளிது. அந்தப் பத்து நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது என்பதையும் சங்கம் சேர்த்து யோசிக்க வேண்டும். வீட்டுக்கொரு தடி வாங்கிக் கொடுத்தால், அவற்றுள் பெரும்பாலானவை மூன்றாம் மாதம் பரண்மேல் ஏறும் என்பதே என் அச்சம். அதற்குப் பதிலாக, முறுக்குத்தடிகளில் இலகுவானவை இரண்டு, சற்றுக் கடினமானவை இரண்டு, ஆட்டுதடி ஒன்று ஆகியவற்றை வாங்கிச் சங்க அலுவலகத்தில் வைக்கலாம். நூல் வாங்கவும் துணி கொடுக்கவும் வரும் நாளில், இயன்முறை மருத்துவர் ஒருவரை அழைத்துச் சரியான முறையைக் காட்டச் செய்யலாம். வலி இன்னதென்று அவர் தேர்ந்து சொன்னவர்க்கு மட்டும் எட்டு வாரத் தவணைக்குக் கையொப்பம் பெற்றுத் தடியை இரவல் கொடுக்கலாம். நூலகத்தில் புத்தகம் கொடுப்பது போலத்தான்.

மிஞ்சும் தொகையைத் தறியிடமே செலவிடுவது மேல் என்பேன். தோளுக்கு மேல் கையை உயர்த்தி இழுக்கும்படி அமைந்த கயிற்றுப்பிடியைத் தாழ்த்திக் கட்டுதல், மெலிந்த பிடிக்குத் துணி சுற்றிப் பருமனாக்குதல், உட்காரும் பலகையின் உயரத்தை நெய்பவரின் உயரத்துக்குத் திருத்துதல், மழுங்கிய கவாத்துக் கத்தரியைச் சாணை பிடித்து வைத்தல் ஆகியவை கையின் சுமையை நாள் முழுதும் குறைப்பவை. மழுங்கிய கத்தரியால் ஒரு நாள் நறுக்குவதால் தசைநாணுக்கு நேரும் சிரமத்தைப் பத்து நிமிடப் பயிற்சி ஈடுசெய்யும் என்று எதிர்பார்க்க இடமில்லை. தறியைத் திருத்தும் தச்சருக்குக் கொடுக்கும் கூலி, வைத்தியச் செலவாகவே சங்கக் கணக்கில் எழுதத் தக்கது.

தடியை இரவல் பெறுபவர் ஒரு சிறு ஏடு வைத்துக்கொள்வது நலம். தொடங்கும் நாளில், தண்ணீர் நிறைந்த குடத்தைத் தூக்கும்பொழுது வலி எவ்வளவு, எத்தனை முழம் நெய்த பின் கை ஓய்வு கேட்கிறது, இரவில் வலியால் விழிப்பு உண்டா என்ற மூன்றையும் எழுதிவைக்க வேண்டும். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில், பயிற்சி செய்வதற்கு முன்பே மீண்டும் பார்த்து எழுத வேண்டும். பயிற்சி செய்தவுடன் எழுதினால் வெதுவெதுப்பையே எழுதியதாகும். எட்டாம் வாரம் தடியைத் திருப்பிக் கொடுத்த பிறகும், மேலும் எட்டு வாரங்கள் ஏட்டை நிறுத்தாமல் எழுத வேண்டும். அந்த இரண்டாம் எட்டு வாரக் கணக்கு நம்மிடம் பத்துப் பேருடையது சேர்ந்தாலும், அடுத்த ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் இந்தத் தீர்மானத்தை மறுபடி எடுத்துப் பேசலாம்.